வாக்கர் நடந்தவர் அல்ல

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்ட கேள்வி இது. வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர்களில் பேக்கர் ரொட்டி சுட்டவர், டெய்லர் துணி தைத்தவர், ஸ்மித் கொல்லர். சரி, வாக்கர்? நடப்பதெல்லாம் ஒரு தொழிலா? தபால் சுமந்து ஊர் ஊராக நடந்தவராக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அவள் நம்பாததே நல்லது. வாக்கர் எங்கும் போகவில்லை. தொட்டிக்குள் நின்று துணி மிதித்தவர் அவர்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி நெருக்கமில்லாமல் தொளதொளவென்று இருக்கும். ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கும் போயிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றி (ஆமாம், மனிதச் சிறுநீர்தான், அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை எடுத்துவிடும்) மணிக்கணக்கில் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கித் தடித்துவிடும். பிசுக்கெடுக்க ஒருவகைக் களிமண்ணும் சேர்ப்பதுண்டு. நம்மூர்க் கடைகளில் முகத்துக்குப் பூச வாங்குகிறோமே முல்தானி மட்டி, அது இந்த வகைதான். ஆங்கிலத்தில் அதற்கு இன்றும் ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். ஃபுல்லர் என்றாலும் துணி மிதிப்பவர்தான். இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர்.

பழைய ஆங்கிலத்தில் 'வாக்' என்ற வினைக்கு நடத்தல் என்ற பொருளே கிடையாது. உருளுவது, புரளுவது, கடலலைபோல அலைக்கழிவது, இவைதான் பொருள். தொட்டியில் துணியைப் புரட்டி மிதிக்கும் வேலைக்கு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது இயல்புதான். அதன் உறவுச் சொல்லான 'வால்கன்' ஜெர்மனில் இன்றும் கம்பளியைத் தடிக்கச் செய்வதைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அது அலைந்து திரிவதாகி, மெல்ல மெல்ல நடப்பதாகிவிட்டது.

அப்படியானால் அதுவரை நடப்பதற்கு என்ன சொன்னார்கள்? 'கோ' என்றார்கள். போவதற்கும் நடப்பதற்கும் அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது. ஒரு தடயம் சொல்கிறேன். கோ கார்ட் என்றால் இன்று பந்தய வண்டி. 17ஆம் நூற்றாண்டில் அது குழந்தை நடை பழகும் சக்கரச் சட்டம். நம்ம நடைவண்டியேதான்! இன்று அந்தச் சட்டத்துக்கும் வாக்கர் என்று பெயர். இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிக்கு வாங்கித் தருவதற்கும் அதே பெயர்.

12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச் சம்மட்டிகள் துணியை அடிக்க வந்துவிட்டன. கால்களுக்கு வேலை குறைந்தது. பெயர் மட்டும் பரம்பரையாக நின்றுவிட்டது.

ஸ்காட்லாந்தில் கில்மார்னக் என்ற ஊரில் 1820இல் மளிகைக் கடை வைத்த ஜான் வாக்கரின் பெயரும் இதுதான். அவர் பெயரில் வந்த ஜானி வாக்கர் விஸ்கிப் புட்டியில் தொப்பியும் கைத்தடியுமாக வீறுநடை போடுகிறாரே ஒருவர், அவரை 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தார். (மகளிடம் புட்டியைக் காட்டி விளக்க வேண்டாம்.) பெயருக்குப் பொருத்தமாக வரைவதென்றால், அந்த மனிதர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி தொட்டிக்குள் இறங்கியிருக்க வேண்டும்.