சங்கிலி அடித்த நிலம் சுத்தமா? கண்ணிவெடி எந்திரங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: கண்ணிவெடியை ரோபோ தானே தேடி, தானே எடுத்துவிடுமா சார்?

பதில்: இல்லைங்க. களத்தில் ஓடுபவை பெரும்பாலும் ரிமோட்டில் இயங்கும் எந்திரங்கள். முன்னால் ஒரு சுழல்தண்டு, அதில் வரிசையாகச் சங்கிலிகள், ஒவ்வொரு நுனியிலும் இரும்புக் குண்டு. தண்டு சுழலச் சுழலக் குண்டுகள் மண்ணை அடித்துக் கிளறும். அடிபட்ட வெடி வெடிக்கும், இல்லாவிட்டால் நொறுங்கும். குரோவேஷியாவில் தயாராகும் எம்வி-4 இந்த ரகம்தான். எடை ஐந்து டன்னுக்குச் சற்று மேல்.

கேள்வி: வேகமாக ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே?

பதில்: கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். தண்டு நிமிடத்துக்கு 400 சுற்று, வண்டி மணிக்கு 1 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் வண்டி 4.2 செ.மீ. நகர்ந்திருக்கும். வேகம் 2 கிலோமீட்டர் என்றால் 8.3 செ.மீ. எம்14 மிதிவெடியின் விட்டமே 5.6 செ.மீ.தான். சுற்றுக்கு ஒரே அடி என்றால், இரண்டு அடிக்கு நடுவே அது முழுசாகத் தப்பிவிடும். பிஎம்என் என்ற இன்னொரு மிதிவெடி 11 செ.மீ., அதற்கு எப்படியும் அடி விழும்.

ஆழத்தையும் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். வெடி இல்லாத சோதனைத் தடத்தில் மெல்லிய அட்டைப்பலகையைக் குறுக்காகச் செங்குத்தாகப் புதைத்து, அதன்மேல் எந்திரத்தை ஓட்டுங்கள். தோண்டி எடுத்தால் மேல்விளிம்பு சீப்புப் பல் போல வெட்டுப்பட்டிருக்கும். கணக்கில் வருவது ஆழமான வெட்டு அல்ல, நடுவில் தப்பி நிற்கும் மிக உயரமான பல்லின் நுனி வரையிலான ஆழம்.

கேள்வி: டாங்கி எதிர்ப்பு வெடிமேல் ஏறினால்?

பதில்: பிஎம்என்னில் சுமார் 240 கிராம் டிஎன்டி வெடிமருந்து, அது வெடித்தால் போவது சில குண்டுகளும் சங்கிலியும்தான். டாங்கி எதிர்ப்பு வெடியான டிஎம்-62இல் ஏழு கிலோவுக்கு மேல். சிறிய எந்திரத்தின் தண்டே வளைந்துவிடலாம். இன்னொன்று, ஒரு சங்கிலி அறுந்தாலும் நிறுத்தி மாற்றுங்கள். எடைச் சமநிலை போய்த் தண்டு அதிர ஆரம்பித்தால் அடுத்த செலவு பேரிங்.

கேள்வி: டிரோன் போதாதா?

பதில்: நிலத்தை மேலோட்டமாகப் பார்க்க உதவும். புதைந்ததை அகற்றாது.

கேள்வி: எந்திரம் போன நிலத்தில் உடனே நடக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சில வெடிகளைச் சங்கிலி பக்கவாட்டில் வீசிவிடும், ஏற்கெனவே அடித்து முடித்த தடத்தில்கூட வந்து விழும். ஈரக் களிமண்ணில் அடியின் வேகம் செத்துவிடும். கல் நிறைந்த தரையில் குண்டு கல்லில் பட்டுத் துள்ளும், பக்கத்தில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். மேலோடு நொறுங்கினாலும், வெடியைத் தூண்டும் டெட்டனேட்டர் உயிரோடு கிடக்கலாம். எந்திரத்தின் வேலை புதரை வெட்டி, இழுபட்டால் வெடியைக் கிளப்பும் இழுகம்பிகளை அறுத்து, மண்ணைத் தளர்த்தி, அடுத்து வருபவருக்கு வழிவிடுவது. அதன்பின் ஆள் டிடெக்டரோடு போக வேண்டும். சிதறிய இரும்புத் துணுக்குகளால் டிடெக்டர் அடிக்கடி கத்தும், பொறுமை வேண்டும். நாயை விடுவதானால் சில நாள் பொறுங்கள். நொறுங்கிய வெடிமருந்து மண்ணெங்கும் பரவியிருக்கும்போது விட்டால், அது போகிற இடமெல்லாம் ‘இங்கே வெடி’ என்று காட்ட உட்காரும்.