பிள்ளைகளை வைத்துக்கொண்டு குரூப் 4 படிப்பு: கேள்வி பதில்

மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு வயது இருக்கும்போது அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தேன். முதல் முறை கிடைக்கவில்லை, அடுத்த முறை கிடைத்தது. இப்போது மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வந்திருக்கும் கேள்விகளில் பலவும் நானே பட்ட பாடுதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (தேனி): அக்கா, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கச் சொல்கிறார்கள். நான் எழுந்தால் பக்கத்தில் படுத்திருக்கும் மூன்று வயது மகனும் எழுந்துவிடுகிறான். என்ன செய்வது?

பதில்: அப்படியானால் நாலு மணியை விட்டுவிடுங்கள், தங்கை. அம்மாவின் சூடு விலகினால் பிள்ளை விழித்துக்கொள்ளத்தான் செய்யும். நானும் இரண்டு வாரம் போராடிப் பார்த்துவிட்டு, என் சின்னவன் மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பாத்திரம் தேய்ப்பதில்லை, துணி மடிப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்தேன். துணியை அவன் விழித்திருக்கும்போதும் மடிக்கலாம். வட்டிக் கணக்கை அவன் மடியில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது போட முடியாது.

மனப்பாடப் பகுதிக்குச் சமையலறையே போதும். அடுப்புக்கு எதிர்ச் சுவரில், தாளிக்கும் எண்ணெய் தெறிக்காத உயரத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தேன். சங்க நூல்களின் வேறு பெயர்கள்தான்: நெடுந்தொகை என்றால் அகநானூறு, கூத்தராற்றுப்படை என்றால் மலைபடுகடாம், நெஞ்சாற்றுப்படை என்றால் முல்லைப்பாட்டு, இப்படி ஒரு தாளுக்குப் பத்து வரி. மூன்று நாளுக்கு ஒரு முறை தாளை மாற்றுவேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சத்தமாகச் சொல்வேன். மகள் ஒருநாள் தோசை கேட்டு வந்து நின்றவள், "மலைபடுகடாம்னா என்னம்மா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

கேள்வி (விருதுநகர்): மூன்று வேளைச் சமையலிலேயே நாள் போய்விடுகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: ஞாயிறு மாலை மாவு ஆட்டிவிடுவேன். நாலு ஆழாக்கு இட்லி அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்துக்கு அரை மணி, அரிசிக்கு அரை மணி கிரைண்டர் ஓடும். அவ்வப்போது தள்ளிவிட ஒரு கை போதும், இன்னொரு கையில் புத்தகம். புளித்ததும் பாதியை உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசியில் நன்றாகப் புளித்த மாவில் வெங்காயம் போட்டுக் குழிப்பணியாரம்.

ஒரு ஜாடி புளிக்காய்ச்சலும் ஒரு டப்பா பருப்புப் பொடியும் வீட்டில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. புளிக்காய்ச்சலுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்க விடுங்கள். ஈரக் கரண்டி போடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. வத்தக்குழம்பு வைத்தால் இரண்டு நாளுக்குச் சேர்த்தே வையுங்கள், மறுநாள்தான் அதற்கு ருசியே. கீரையை மட்டும் முன்கூட்டி நறுக்கி வைக்காதீர்கள். ஆய்ந்து துணியில் சுற்றி வைத்தால் காலையில் பத்து நிமிட வேலைதான்.

பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறதா? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை பள்ளியிலேயே காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் எங்கள் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுவதும் வந்த திட்டம். பொங்கலும் கிச்சடியும் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அங்கே சாப்பிட விடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கேள்வி (திருப்பூர்): என் மனைவி படிக்கிறாள். நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், ஞாயிறு மட்டும்தான் லீவு. என்னால் என்ன உதவி செய்ய முடியும்?

பதில்: அண்ணா, நீங்கள் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிறு காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள். பக்கத்து அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது உதவாது. பிள்ளைகள் கதவைத் தட்டுவார்கள், அவர் எழுந்து வருவார்.

முதல் முறை நான் கோட்டை விட்டது இங்கேதான். துண்டு துண்டாக நிறையப் படித்திருந்தேன், எல்லாம் தெரியும். தேர்வோ 200 கேள்வி, 180 நிமிடம். கேள்விக்கு முழுதாக ஒரு நிமிடம்கூடக் கிடையாது, விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கும் நேரமும் அதற்குள்தான். ஐந்து வருடமாக எங்கேயும் தொடர்ந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தே பழக்கமில்லாத நான், நூற்று நாற்பதாவது கேள்வியில் சோர்ந்துபோனேன். நடுவில் இரண்டு முறை, மகன் சாப்பிட்டிருப்பானா என்று மனம் வீட்டுக்கு ஓடிவிட்டது. கடைசி முப்பது கேள்வியைச் சரியாகப் படிக்காமலே விடை குறித்தேன்.

அடுத்த முறை வீட்டில் வாய்விட்டுக் கேட்டேன்: "வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், நான் இந்த வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்." பதினாறு ஞாயிறு அப்படிக் கிடைத்தது. என் கணவர் பிள்ளைகளைத் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போய், வரும்போது பரோட்டா வாங்கி வந்துவிடுவார். அன்று சமையலும் கிடையாது. துண்டு நேரத்தை நாமே திரட்டிக்கொள்ளலாம். அந்த முழு நேரத்தை மட்டும் வீட்டில் இருப்பவர்கள்தான் தர முடியும். உங்கள் மனைவி கேட்கத் தயங்குவார். நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): கணக்கு என்றாலே பயம். பள்ளியை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. 25 கேள்வி, ஒவ்வொன்றும் ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 37.5. இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். நகை அடகு வைத்ததில்லையா? நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். 20,000 ரூபாய்க்கு ஒன்பது மாதத்தில் 1,800 ரூபாய். தனிவட்டி அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒரு மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, இன்னொன்று எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒன்றாகக் கொடுத்தால் மறுபடி எப்போது சேர்ந்து வரும்? 24 மணி நேரம் கழித்து. அதுதான் மீச்சிறு பொது மடங்கு. ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி (சிவகங்கை): ஏழு மாதக் குழந்தை, தாய்ப்பால் குடிக்கிறது. தேர்வு அன்று எப்படி?

பதில்: ஒன்பது மணிக்குள் மையத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வு முடிந்து, எந்த விடையை எத்தனை முறை குறித்தோம் என்று எண்ணி எழுதிவிட்டு வெளியே வரப் பன்னிரண்டே முக்கால் ஆகும். போக வர நேரத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முன்பே பாலாடைச் சங்கில் குடிக்கப் பழக்குங்கள். பீய்ச்சிய பாலைச் சுத்தமான பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் வரை கொடுக்கலாம். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கினால் போதும். ஏழு மாதம் என்பதால் நடுவே ராகிக் கூழும் கொடுக்கலாம். முடிந்தால் குழந்தையை யாராவது மையத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கட்டும். வெளியே வந்ததும் பால் கொடுத்துவிடலாம். உங்களுக்கும் மார்பு கட்டிக்கொண்டு வலிக்காது.

கேள்வி (மேலூர்): மருமகள் படிக்கிறாள். பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாலும், அடுப்படியை விட்டு வர மாட்டேன் என்கிறாள்.

பதில்: அம்மா, அவளுக்கு உங்களிடம் கூச்சம். "போய்ப் படி" என்று பொதுவாகச் சொன்னால் வரமாட்டாள். "இனி ராத்திரிச் சமையல் என்னுடையது" என்று ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பரமக்குடி): பயிற்சி மையத்துக்குக் கட்ட பணம் இல்லை.

பதில்: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, வகுப்புக்குக் கட்டணம் இல்லை. பள்ளிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழுக்கு 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள்.

கேள்வி (மதுரை): பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டுப் படிக்கிறேன். மனசு உறுத்துகிறது.

பதில்: எனக்கும் உறுத்தியது. மதுரையில் இருக்கிறீர்கள், புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சனிக்கிழமை கூட்டிப்போங்கள், யாராவது துணைக்கு வந்தால் இன்னும் நல்லது. மற்ற நாளில் போன் இருபது நிமிடம் என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அந்த நேரம் முடிந்ததும் நீங்களும் புத்தகத்தை மூடிவிட்டு அவனோடு உட்காருங்கள். நான் அப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு நான் பிடுங்காமலே மகன் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

கேள்வி (தேனி): கடைசியாக ஒன்று அக்கா. தேர்வுக்கு முந்தின நாள் என்ன செய்தீர்கள்?

பதில்: புதிதாக எதுவும் படிக்கவில்லை. நுழைவுச் சீட்டு, அடையாள அட்டை, கறுப்பு பால்பாயின்ட் பேனா இரண்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டினேன். மறுநாளுக்குப் புளிக்காய்ச்சல் இருந்தது. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டேன். மகள் இருட்டில் என் காதருகே வந்து, "நெஞ்சாற்றுப்படைன்னா முல்லைப்பாட்டு, மறந்துராதம்மா" என்றாள்.