வெள்ளத்தில் நின்ற பிஎம்டபிள்யூ: வாங்கி நானே சரிசெய்யலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மிக்ஜாம் வெள்ளத்தில் மாட்டிய 2014 மாடல் பிஎம்டபிள்யூ 320டி ஒன்று சென்னைப் புறநகரில் ஒரு யார்டில் நிற்கிறது. இன்சூரன்ஸ் ஏலத்தில் எடுத்த வியாபாரி மூன்றரை லட்சம் கேட்கிறார். ஓடுகிற நிலையில் இதே கார் பத்து லட்சத்துக்கு மேல் போகிறது. 'தண்ணீர் சீட் வரைக்கும்கூட வரவில்லை, யாரும் ஸ்டார்ட் பண்ணவில்லை' என்கிறார். நான் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். என் மாருதிக்கு கிளட்ச் வரை நானே மாற்றியிருக்கிறேன். வீட்டில் ஷெட் உண்டு. வார விடுமுறையில் நானே வேலை பார்த்து இந்தக் காரை ஓட்ட முடியுமா?"

உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிளட்ச் இறக்கி ஏற்றியவருக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் வெள்ளக் காரில் ஸ்பேனர் வேலை பாதிதான். மீதி வயரும் கனெக்டரும் கன்ட்ரோல் யூனிட் என்கிற எலெக்ட்ரானிக் பெட்டிகளும். அதனால் மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் விலை பேசாதீர்கள். தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது? எத்தனை நாள் காருக்குள் நின்றது? தண்ணீருக்குப் பிறகு யாராவது சாவியைத் திருகினார்களா? வியாபாரி சொல்வதை நம்ப வேண்டாம், கார் சொல்வதைக் கேளுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். நாலு சீட்டிலும் செய்யுங்கள். வெளியே தெரியும் பகுதியை ஷாம்பு போட்டுக் கழுவிவிடுவார்கள். ரீலுக்குள் சுருண்டிருக்கும் கடைசி முழம் அப்படியேதான் இருக்கும். அதில் சேற்றுக்கோடு தெரிந்தால் எந்த உயரத்தில் தெரிகிறது என்று பாருங்கள். அடுத்து டிக்கியைத் திறந்து தரைப்பலகையைத் தூக்குங்கள். இந்த மாடலில் பேட்டரி முன்னால் இல்லை, டிக்கியின் வலது பக்கக் குழியில் இருக்கிறது. தண்ணீர் முதலில் இறங்குவதும் கடைசியில் காய்வதும் அந்தக் குழியில்தான். வண்டல் படிந்திருக்கும்; ஒட்டிக் காய்ந்த இலைகூட இருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளம் முடிந்து அடுத்த மாதம் என் பட்டறைக்கு ஒரு வெள்ளை செடான் வந்தது. உள்ளே மல்லிகை வாசனை ஸ்ப்ரே, புதிதாகத் தைத்த சீட் கவர், பளபளவென்று டாஷ்போர்டு. "கண்ணாடி தானாக இறங்குது சார்" என்பது மட்டும்தான் வாங்கியவரின் புகார். டிரைவர் கதவோரப் பட்டியைக் கழற்றி கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டேன். அடியில் இருந்த ஃபோம் ஊறிய இட்லி மாதிரி பிசுபிசுத்தது. மேலே துணி காய்ந்திருந்தது. அடியில் ஒன்றரை மாதத் தண்ணீர். அங்கே கிடந்த கனெக்டர் ஒன்றைப் பிரித்தால் பின்கள் பச்சைப் பொடியாக இருந்தன. ஒன்று விரல் பட்டதும் ஒடிந்தது. அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. யார்டில் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இதுதான். கதவோரப் பட்டியைக் கழற்ற வியாபாரி விடவில்லை என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இனி இன்ஜின். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போன பிறகு ஒருவர் ஸ்டார்ட் பண்ணினால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நின்றிருந்த காரில் தண்ணீர் புகுவதைவிட, "ஓடுதா பார்ப்போம்" என்று சாவி திருகியதால் செத்த இன்ஜின்கள்தான் அதிகம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே மண்கோடு இருக்கிறதா பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். பால் டீ நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு கீழ்க் கவரைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் நீண்ட கைப்பிடி போட்டு, ஓடும் திசையிலேயே கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுங்கும் காற்று, தடுப்பது மெத்தென்று இருக்கும், கொஞ்சம் பொறுத்தால் விட்டுக்கொடுக்கும். இரும்பில் இடித்த மாதிரி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

கையால் சுற்றினால் ராட் நேராக இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாது. லேசாக வளைந்த ராட்டும் சுற்றும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, பிறகு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால் காரை வாங்கியதும், க்ளோ ப்ளக் (டீசல் இன்ஜினில் சிலிண்டரைச் சூடாக்கும் ப்ளக்) துளையில் அடாப்டர் போட்டு நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தப் பிஸ்டன் முழு உயரத்துக்கு வருவதில்லை என்று சந்தேகப்படுங்கள். பழைய க்ளோ ப்ளக் சுலபமாக ஒடியும். முந்தின நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்து, அவசரப்படாமல் கழற்றுங்கள்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். இந்தக் காரில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். நல்ல பெட்டி, ஆனால் தண்ணீர் ஆகவே ஆகாது. கிளட்ச் தகடுகளில் உராய்வுப் பொருள் பசையால் ஒட்டப்பட்டது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அது உரிந்து வரும். கட்டுப்பாட்டு எலெக்ட்ரானிக்ஸும் அதே ஆயிலில்தான் கிடக்கிறது. ஆயிலைக் கொஞ்சம் வடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு வையுங்கள். கலங்கியிருந்தால் அந்தக் கியர்பாக்ஸைக் கணக்கிலேயே சேர்க்காமல் விலை பேசுங்கள். தெளிவாக இருந்தால் நீங்களே ஆயில் மாற்றலாம். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியும் ஃபில்டரும் ஒரே உறுப்பு, சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆயில் மட்டத்தை இன்ஜின் ஓடும்போது, ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டுக் குறைவாக ஆயில் ஊற்றிக் கெட்ட பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பின் சக்கரங்களுக்கு இடையில் இருக்கும் டிஃபரென்ஷியலிலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். அதன் மூச்சுத்துளை வழியாகவும் தண்ணீர் போகும்.

இன்னொன்று. 2014 320டியில் இருப்பது என்47 டீசல் இன்ஜின். அதன் டைமிங் செயின் (கிராங்க்கையும் வால்வுகளையும் ஒத்திசைத்து ஓட்டும் சங்கிலி) முன்னால் இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், அல்லது இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். அதனால் ஏதோ காரணத்துக்காகக் கியர்பாக்ஸ் கீழே வந்துவிட்டால், செயினும் கைடுகளும் மாற்றாமல் திரும்ப ஏற்றாதீர்கள்.

உங்கள் ஷெட்டில் நீங்கள் நிம்மதியாகச் செய்யக்கூடிய வேலை உள்ளே இருக்கிறது. சீட், கன்சோல், கார்பெட் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஆனால் அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் குறைந்தது கால் மணி நேரம் காத்திருங்கள், ஏனென்றால் சீட்டிலும் ஏர்பேக் இருக்கிறது. கார்பெட்டின் ஃபோமை வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடுவதைவிட மாற்றிவிடுவது நல்லது; சாக்கடை கலந்த வெள்ளத்தின் நாற்றம் போகவே போகாது. தரையில் ஓடும் ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்து, கான்டாக்ட் கிளீனரால் கழுவி, அதன் பின்கள் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பச்சை படிந்த வயரைப் பின்னுக்கு அருகே மட்டும் வெட்டாதீர்கள். தண்ணீர் வயரின் உறைக்குள் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை உரித்துக்கொண்டே போய் அங்கே வெட்டிப் புது வயர் சேருங்கள். இதற்கே நாலைந்து ஞாயிறு போகும். போகட்டும். இந்த வேலையில் காட்டும் பொறுமைதான் பிறகு காரை நடுரோட்டில் நிற்காமல் காப்பாற்றும்.

கன்ட்ரோல் யூனிட்டுகளைச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழசாக வாங்கலாமா என்று கேட்பீர்கள். கதவு, லைட், சீட் மோட்டார் எல்லாம் தாராளமாக வாங்கலாம். ஆனால் சாவி, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), முன்பக்க மின்சாரம் எல்லாம் ஒரே யூனிட்டில் இருக்கிறது. எஃப்ஈஎம் என்பார்கள். அதற்குள் உங்கள் காரின் ரகசிய எண் இருக்கிறது, இன்ஜின் கம்ப்யூட்டரில் இருப்பதோடு அது பொருந்தினால்தான் கார் ஸ்டார்ட் ஆகும். வேறு காரின் எஃப்ஈஎம்மை அப்படியே மாட்டினால் ஓடாது. உங்கள் பழைய யூனிட்டிலிருந்து டேட்டா எடுத்து ஏற்ற வேண்டும். அதனால் செத்துப்போன யூனிட்டையும் தூக்கி எறியாதீர்கள். இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். புது பேட்டரி போட்டாலும் காரில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது ஏர்பேக். இதை மன்றாடிக் கேட்கிறேன். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் நடு கன்சோலுக்கு அடியில், தரை மட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் சீட் வரை வராவிட்டாலும் அதை நனைத்திருக்கும். வார்னிங் லைட் எரிந்தால், ரெசிஸ்டர் சொருகி அணைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. லைட் அணையும், விபத்தில் ஏர்பேக் விரியாது. மஞ்சள் கனெக்டர்களில் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்காதீர்கள், அந்தச் சிறு மின்சாரத்தாலேயே வெடிக்கும் அபாயம் உண்டு. இந்த யூனிட்டும், விபத்தில் பெல்ட்டை இறுக்கும் சீட் பெல்ட் டென்ஷனரும் நனைந்திருந்தால் புதிதாக, கம்பெனி ஒரிஜினலாகப் போடுங்கள். அந்தக் காரில் உங்கள் குழந்தைகள்தான் உட்காரப் போகிறார்கள். இந்தச் செலவை விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. பழுதுச் செலவு காரின் ஐடிவி மதிப்பில் (பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் இன்சூரன்ஸ்காரர்கள் அதை முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். அதாவது உங்கள் வியாபாரி சொல்லும் "சும்மா லேசான தண்ணீர்" காரை ஒரு சர்வேயர் ஏற்கெனவே பார்த்து, சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று எழுதியிருக்கிறார். அந்த சர்வே ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ஏலத்தில் 'வித் ஆர்.சி', 'வித்அவுட் ஆர்.சி' என்று இரண்டு வகை உண்டு. இரண்டாவது வகை உதிரிபாகத்துக்கு மட்டும், ரோட்டில் ஓட்ட அல்ல. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் ஆர்.சி உயிரோடு இருக்கிறதா, பிளாக்லிஸ்ட் இருக்கிறதா, வங்கிக் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாடியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை ஆர்.சியோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் பழைய உரிமையாளரின் கையெழுத்து கையில் வராமல் முழுப் பணம் தராதீர்கள். இன்சூரன்ஸ் விட்டுப்போன காருக்கு ஓன் டேமேஜ் பாலிசி (நம் காரின் சேதத்துக்கான பாலிசி) தருவதற்கு முன் நேரில் இன்ஸ்பெக்‌ஷன் செய்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக. வெள்ளம் 2023 டிசம்பரில். இத்தனை காலம் காயாமல் நின்ற கார் என்பதுதான் என் பெரிய தயக்கம். தண்ணீர் ஒரு நாளில் செய்வதைவிடத் துரு மாதக்கணக்கில் செய்வது அதிகம். சேற்றுக்கோடு சீட் குஷனுக்கு மேலே இருந்தால், ஒரு லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம். குஷனுக்குக் கீழே, இன்ஜின் சுற்றுகிறது, கியர்பாக்ஸ் ஆயில் தெளிவு, ஆர்.சி சுத்தம் என்றால் வாங்கலாம், ஆனால் மூன்றரைக்கு அல்ல. காரின் விலையும் நீங்கள் போடப் போகும் செலவும் சேர்ந்து ஓடுகிற காரின் விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. மிச்சப் பாதி, பிரித்த பிறகுதான் தெரியவரும் சேதங்களுக்கு. எலெக்ட்ரிக் ஸ்டியரிங் ரேக் அப்படி ஒன்று: மிகத் தாழ்வாக இருக்கும், முதலில் நனைவது அதுதான், விலையும் அதிகம்.

யார்டுக்குப் போகும்போது டார்ச், டிரிம் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல், ஈ-டார்க்ஸ் (நட்சத்திரத் தலை போல்ட்டுக்கான) சாக்கெட் செட், ஒரு பழைய பெட்ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட் கடைசி முழம், டிரைவர் பக்க கார்பெட்டின் அடி, டிக்கி பேட்டரிக் குழி, ஏர் ஃபில்டர் பெட்டியின் உள்பக்கம் என்று நாலு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.