பகல்ல தூக்கம், ராத்திரி சிவராத்திரி!

கேள்வி: என் பொண்ணுக்கு ஆறு வாரம் ஆகுது. பகல் பூரா தூங்குறா, ராத்திரி பதினோரு மணிக்கு மேல முழிச்சுக்கிட்டு ஒரே அழுகை. தூக்கத்துல திடீர்னு ரெண்டு கையையும் விரிச்சு பதறுறா, சில நேரம் தானா சிரிக்கிறா. மாசமா இருந்தப்ப நான் ராத்திரி செல்போன் பார்த்ததுதான் காரணம்னு அத்தை சொல்றாங்க. நிஜமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மொதல்ல அந்த செல்போன் பழிய இறக்கி வைங்கம்மா. ஆறு வாரத்துக் குழந்தைக்கு ராத்திரி பகல் தெரியாது, செல்போனே இல்லாத காலத்துலயும் இதே கதைதான், உங்க அத்தை பெத்த புள்ளையும் அவங்கள தூங்க விட்டிருக்காது, கேட்டுப் பாருங்க.

மூளைக்குள்ள சுமார் 20,000 நரம்பு செல் சேர்ந்த ஒரு குட்டி கடிகாரம் இருக்கு. அது ஓடுற வேகம் ஜீன்ல இருந்து வருது. இத மொதல்ல காட்டிக்கொடுத்தது பழத்த மொய்க்குற ஈ. 1971ல அமெரிக்காவுல கால்டெக்ங்கிற பல்கலைக்கழகத்துல கொனோப்கா, பென்சர்னு ரெண்டு பேரு, ஒரே ஒரு ஜீன்ல மாத்தம் இருக்குற ஈக்கள கண்டுபிடிச்சாங்க, அதுல ஒரு வகைக்கு ஒரு நாள்னா 19 மணி நேரம், இன்னொன்னுக்கு 28, மூணாவதுக்கு நாள் கணக்கே கிடையாது! அந்த ஜீனுக்கு சொந்தக்கார ஜீனுங்க உங்க பொண்ணுகிட்டயும் இருக்கு.

அப்புறம் ஏன் ராத்திரி முழிக்கிறா? கடிகாரம் இருந்தாலும் உடம்பு இன்னும் அதுக்கு கட்டுப்படல, அவ்வளவுதான். வயித்துக்குள்ள இருந்தவரைக்கும் உங்க ரத்தத்துல வந்த மெலடோனின்ங்கிற ஹார்மோன்தான் அவளுக்கு இருட்டிடுச்சுன்னு சேதி சொல்லுச்சு, பொறந்ததும் அது நின்னுபோச்சு, இப்ப ராத்திரி நேரத் தாய்ப்பால்ல கொஞ்சம் வருது, அவ உடம்பே நேரம் பார்த்து சுரக்க ரெண்டு மூணு மாசம் ஆகும்.

கை விரிச்சு பதறுறது யாரும் கத்துக்குடுக்காம கூடவே வர்றது. 1918ல மோரோன்னு ஒரு ஆஸ்திரிய டாக்டர் எழுதி வெச்சதால மோரோ ரிஃப்ளெக்ஸ்னு பேரு. மூளையோட மேல்பகுதி வளர வளர நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள தானா போயிடும். தூக்கத்துல சிரிச்சா நரி விளையாட்டு காட்டுதும்பாங்க நம்ம பாட்டிங்க, எனக்கும் அந்த நரிய பிடிக்கும்! இந்த வயசுல தூக்கத்துல பாதி, கண்ணு உருள விரல் துடிக்கத் தூங்குற தூக்கம், அந்தச் சிரிப்பும் அதுலதான் வரும், பெரியவங்க தூங்குறதுல இந்த மாதிரி தூக்கம் கால்வாசிதான். மூளை வளர அது ரொம்ப முக்கியம்னு நம்புறாங்க, அதனால சிணுங்கினதும் ஓடிப்போய் தூக்காதீங்க, ஒரு நிமிஷம் பாருங்க, பாதி நேரம் அவளே மறுபடி தூங்கிடுவா.

நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பகல்ல ஜன்னல தொறந்து வைங்க, பேசுங்க, வீட்டுச் சத்தத்த அடக்காதீங்க. ராத்திரி பால் குடுக்கும்போது சின்ன லைட்டு போதும், கொஞ்சாதீங்க. தூளியில ஆட்டித் தூங்க வெச்சாலும் அப்புறம் மல்லாக்க, தலையணை இல்லாம, சமமான படுக்கையில போடுங்க. தூக்கம் வரட்டும்னு யாராவது கசகசா அரைச்சு ஊத்தச் சொன்னா கண்டிப்பா வேண்டாம், இதுல மட்டும் அத்தைகிட்ட விட்டுக்குடுக்காதீங்க.

பதறும்போது ஒரு கை மட்டும் அசையலன்னாலோ, ஒரே மாதிரி வெட்டு விடாம தொடர்ந்து வந்தாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க. பாலுக்கு எழுப்பியும் எழுந்திரிக்கலன்னாலும், உடம்பு சூடு 38 டிகிரி செல்சியஸ தொட்டாலும் விடியட்டும்னு காத்திருக்காம உடனே கிளம்புங்க.