வக்கீலுக்கு மாதக் கட்டணம்: எது உள்ளே, எது வெளியே?

திருப்பூரில் துணிக்குப் பிரின்டிங் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், 14 பேர் வேலை செய்கிறார்கள். மாதம் 12,000 ரூபாய் கொடுத்தால் எல்லாச் சட்ட வேலையையும் பார்த்துக்கொள்வதாக ஒரு வக்கீல் ஆபீஸில் சொல்கிறார்கள். கேஸே இல்லாதபோது அது தண்டச்செலவு என்கிறார் பார்ட்னர். ஆடிட்டரும் இருக்கிறார். ஒரு பார்ட்டியிடம் மட்டும் 8 மாதமாக 4 லட்சம் நிற்கிறது, 3 மாதம் கழித்து ஷேடு மாறிவிட்டது என்று டெபிட் நோட் (பில்லில் தொகையைக் கழிக்கும் சீட்டு) வேறு போட்டார்கள், பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு இது தேவையா மேடம்?

தேவை என்றுதான் சொல்வேன், காரணம் நீங்கள் கடைசியில் எழுதிய அந்த 4 லட்சம். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. அப்புறம் அந்த டெபிட் நோட். சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த அன்றைக்கே ஏற்றுக்கொண்டதாகத்தான் இந்தச் சட்டம் கணக்கு வைக்கிறது. உங்களுக்கு நோட் வந்ததோ 3 மாதம் கழித்து. அன்றைக்கே ஒரு வக்கீலிடம் போனில் கேட்டிருந்தால், நாலு வரியில் மறுப்புக் கடிதம் போயிருக்கும், நீங்களும் 8 மாதம் வெறுமனே பேசிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் தனியாக ஃபீஸ் என்றால் டெபிட் நோட்டுக்கெல்லாம் யாரும் வக்கீலைத் தேடிப் போவதில்லை. முற்றிய பிறகுதான் வருகிறார்கள், அதற்குள் கெடு ஓடிவிடுகிறது. செக் திரும்பி வந்தால், பேங்க் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போட 3 வருடம். 'இந்தா தர்றேன், அந்தா தர்றேன்' என்ற பேச்சை நம்பி இந்த நாட்களைக் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எடுத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் முதல் வேலையாக எடுங்கள், அது இல்லாமல், இந்தப் பாக்கிகளை விசாரிக்கும் எம்எஸ்எம்இ ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போனால் உங்கள் மனு நிற்பதே சிரமம்.

ஆடிட்டரை விட்டுவிட வேண்டாம். ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் அவர் வேலை. ஆனால் பிஓவின் (பர்ச்சேஸ் ஆர்டரின்) பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படித்து, இதில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்வது அவர் வேலை இல்லை. 10 பேருக்கு மேல் இருப்பதால் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க 2013 சட்டப்படி உள்ளகக் குழு அமைத்திருக்க வேண்டும். அமைத்திருக்கிறீர்களா?

என்னைப் பயமுறுத்துவது அவர்கள் சொன்ன 'எல்லாச் சட்ட வேலையும்' என்ற வார்த்தைதான். மாதக் கட்டணத்தில் வரும் சண்டை முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளம்புகிறது. மாதம் எத்தனை அக்ரிமென்ட் பார்ப்பார்கள், எத்தனை நோட்டீஸ், எத்தனை நாளில் பதில், போனை எடுக்கப்போவது சீனியரா ஜூனியரா, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கோர்ட் கேஸும் கவுன்சில் மனுவும் பெரும்பாலும் இதற்கு வெளியேதான் இருக்கும், அது நியாயமும்கூட, ஆனால் அதற்கு என்ன ஃபீஸ் என்பது இப்போதே தாளில் இருக்கட்டும். உங்கள் அளவு யூனிட்டுக்கு வேலை முதல் 3 மாதத்தில்தான் குவியும், அப்புறம் குறைந்துவிடும். 3 மாதம் முழுக் கட்டணம், பிறகு பாதி என்று கேட்டுப் பாருங்கள். வக்கீல் ஃபீஸுக்கான ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்கள்தான் கட்ட வேண்டும், ஆடிட்டரிடம் சொல்லிவையுங்கள்.

எங்களுடையது சென்னையில் 5 பேர் கொண்ட சாஃப்ட்வேர் ஸ்டார்ட்அப். ஒரு ஏஜென்சி வருடத்துக்கு 20,000 ரூபாய் பேக்கேஜில் டிரேட்மார்க், வேலை ஒப்பந்தம் எல்லாம் தருகிறது. வராத பாக்கியைக் கேஸ் போட்டு வசூலித்துக் கொடுத்தால் அதில் 10 சதவீதம் கேட்கிறார்கள். சேரலாமா?

அந்த 10 சதவீதத்துக்காகவே வேண்டாம் என்பேன். வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதும் வக்கீலுக்கு பார் கவுன்சில் விதிப்படி கூடாது. ஏஜென்சி வக்கீல் இல்லை என்றால் அவர்களால் உங்களுக்காகக் கோர்ட்டில் நிற்கவே முடியாது. வேலையைச் செய்யப்போகும் வக்கீலின் பெயரையும் என்ரோல்மென்ட் நம்பரையும் (பார் கவுன்சில் பதிவு எண்) கேளுங்கள், தயங்கினால் வந்துவிடுங்கள்.

அவர்களுடைய மாதிரி வேலை ஒப்பந்தத்தையும் வாங்கிப் படியுங்கள். வேலையை விட்டுப் போனவர் 2 வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று அதில் இருந்தால், எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின் முன்னால் அது செல்லாது. ரகசியத்தைக் காக்கும் பிரிவும், எழுதிய புரோகிராம் கம்பெனிக்குச் சொந்தம் என்ற பிரிவும்தான் உங்களுக்கு முக்கியம். டிரேட்மார்க்குக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) அரசுக் கட்டணம் 9,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500. இது பேக்கேஜில் அடக்கமா என்று கேளுங்கள்.

கோவையில் நானும் நண்பரும் சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மாதக் கட்டணத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார். இப்போது எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அவரிடமே யோசனை கேட்கலாமா?

கேட்காதீர்கள். மாதா மாதம் அவருக்குப் பணம் தருவது கம்பெனி, அவருடைய கட்சிக்காரரும் கம்பெனிதான். உங்கள் பக்கம் பேசினால் நண்பருக்குத் துரோகம், அவர் பக்கம் பேசினால் உங்களுக்கு. நல்ல வக்கீலாக இருந்தால் அவரே விலகிக்கொள்வார். நீங்கள் உங்களுக்கென்று தனியாக ஒருவரை வையுங்கள், அந்த ஃபீஸ் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து போகட்டும், கம்பெனிக் கணக்கில் எழுதினால் நாளைக்கு அதுவே ஒரு புகாராக வரும். நீங்கள் புது வக்கீலிடம் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது, பாரதிய சாட்சிய சட்டம் 132-ஆவது பிரிவில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

பழைய வக்கீல் விலகும்போது கம்பெனி ஃபைல் முழுவதையும் பட்டியலோடு திருப்பி வாங்கிவிடுங்கள். கட்டணப் பாக்கி இருந்தால்கூட ஃபைலைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருக்கிறது. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள், ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.