ஆச்சி கீறாமல் விட்ட பாதி

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, விட்டுவந்த வீடுகளை நினைவில் இருந்து கீறி ஒரே துணியில் தைத்து வருகிறோம். யாழ்ப்பாண வடகரை ஊரான மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்த ஆச்சி ஒருவர் கிணற்றடி வரைக்கும் கீறிவிட்டு அழுதார். பிறகு வரவேயில்லை. கனடாவில் இருக்கும் மாமா துணியை அங்கே கண்காட்சிக்கு வைக்கக் கேட்கிறார். ஆச்சியின் மிச்சத்தை நானே கீறி முடிக்கலாமா?
— வாசகி, கொக்குவில்

பதில்: அன்புத் தங்கச்சி, முடிக்க வேண்டாம். நீங்கள் கீறினால் வீடு வடிவாக வரும், ஆனால் ஆச்சியின் வீடாக இருக்காது.

மயிலிட்டிச் சனம் போரால் 1990இல் வெளிக்கிட்டது. இராணுவத்தின் கையில் இருந்த துறைமுகம் விடுபட்டது 2017இல்தான். அதுவரை முகாமும் சொந்தக்காரர் வீடுமாகக் காலம் போனது. திரும்பிப் போனவர்களில் சிலருக்குச் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றை வைத்துத்தான் வளவைக் கண்டுபிடித்தார்கள். ஆச்சி கிணற்றடியோடு நிறுத்தியதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அதை அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் துருவ வேண்டாம்.

துணியைக் கொண்டுபோகாமல் சும்மா ஒருநாள் ஆச்சியைப் பார்த்துவிட்டு வாருங்கள். தேத்தண்ணி குடித்து ஊர்க்கதை கதையுங்கள். அவராகப் பேச்சை எடுத்தால், பாதியைப் பாதியாகவே விடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் தையலைப் பிரித்து அந்தத் துண்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். துணியில் ஓட்டை விழுந்தால் விழட்டும்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இதே வேலையை ஒரு நூலாகச் செய்து 2011இல் வெளியிட்டார். இடம்பெயர்ந்தவர்கள் தம் வீட்டின் நிலப்படத்தைத் தாங்களே கீறினார்கள். கட்டடக் கலைஞர் ஒருவர் அதை அளவோடு திருப்பிக் கீற, கடைசியில் சனாதனன் தன் சித்திரத்தைச் சேர்த்தார். சனத்தின் கோணல் கோட்டை யாரும் அழிக்கவில்லை. எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்தது அதுதான். முடிந்தால் எல்லாருமாகப் பாருங்கள்.

கனடா விஷயம். முதலில் துணியை உங்கள் நிலையத்திலேயே தொங்கவிடுங்கள். கீறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கட்டும். யாருடைய பெயரைப் போடுவது, யாருடையதை விடுவது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். சபையில் கேட்டால் வயசானவர்கள் உங்கள் முகத்துக்காகத் தலையாட்டிவிடுவார்கள். காணிப் பிணக்கு உள்ளவர்கள் ஒழுங்கைப் பெயரை மறைக்க விரும்பக்கூடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 1990 ஒக்டோபரில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். திரும்பி வந்த குடும்பங்கள் ஐந்து சந்திப் பக்கம் இருக்கின்றன. அவர்களும் விட்டுவந்த வீடுகளை நினைவில் வைத்திருப்பவர்கள்தான். அவர்கள் இல்லாமல் இதை யாழ்ப்பாணத்து வீடுகளின் துணி என்று சொல்ல எனக்கு மனம் வராது. நேரில் போய்க் கேளுங்கள். வர மனமில்லை என்றாலும் கோபிக்கக் கூடாது.

அதுவரை மாமாவைப் பொறுக்கச் சொல்லுங்கள்.