இதய நோய் அபாயம்: இரத்தப் பரிசோதனை குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மொத்தக் கொலஸ்ட்ரால் 190. அறிக்கையில் ‘இயல்பு’ என்றே அச்சாகியிருக்கிறது. கவலையின்றி இருக்கலாமா?

பதில்: அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து அவ்வாறு சொல்ல இயலாது. அதே தாளில் எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) என்ற வரியைப் பாருங்கள். அது 32 என்றால், 190-இல் அதைக் கழித்தபின் மிஞ்சும் 158 மில்லிகிராம், இரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய கொழுப்பு வகைகள் அனைத்தும் சேர்ந்த அளவாகும். எச்டிஎல் 65 உள்ளவருக்கோ 125 மட்டுமே மிஞ்சும். மேலும், அச்சிடப்பட்ட வரம்பு பொதுவானது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) குறைந்தபட்சம் 70-க்குக் கீழாவது இருக்க வேண்டும் என்பதால், ஒருவருக்கு இயல்பாக உள்ள 110 மற்றொருவருக்கு மிக அதிகம். வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்காத அறிக்கை பாதி படித்த அறிக்கைதான்.

கேள்வி: வெறும் வயிற்றில்தான் இரத்தம் கொடுக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலோருக்குத் தேவையில்லை. ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 400-ஐத் தாண்டினால், வெறும் வயிற்றில் மீண்டும் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு 48 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு வயது 35. கூடுதலாக எதைப் பார்ப்பது?

பதில்: மூன்று மாதச் சர்க்கரை சராசரியான எச்பிஏ1சி-யுடன், லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளுக்கான பரிசோதனையையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துகொள்ளுங்கள். அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுக்களே தீர்மானிக்கின்றன; உணவும் உடற்பயிற்சியும் அதை அதிகம் மாற்றுவதில்லை. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அபாயம் கூடுகிறது. சில ஆய்வகங்கள் நானோமோல் என்ற வேறு அலகில் தருவார்கள். அங்கே 125 என்பதே எல்லை, எனவே அலகைப் பார்க்காமல் பதற வேண்டாம். அளவு கூடுதலாக இருந்தாலும் கைவிட்டுவிடக் கூடாது: எல்டிஎல்லையும் இரத்த அழுத்தத்தையும் மற்றவர்களைவிடக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். உடன்பிறந்தவர்களையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: சளிக்காய்ச்சலின்போது எடுத்த நுண்ணிய சிஆர்பி 14 என்று வந்தது. இதயத்தில் பிரச்சினையா?

பதில்: சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம். அதில் 10-க்கு மேற்பட்ட அளவு பெரும்பாலும் தொற்றையோ வேறு அழற்சியையோ காட்டுவது. முழுமையாகக் குணமாகி இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் எடுங்கள்.

கேள்வி: நடக்கும்போது நெஞ்சு அழுத்துகிறது. எந்தப் பரிசோதனை செய்வது?

பதில்: மேலே சொன்னவை அறிகுறி இல்லாதவரின் அபாயத்தைக் கணிப்பதற்கானவை, உங்களுக்குப் பொருந்தா. ஆய்வகத்துக்குச் செல்லாமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள்; ஓய்விலும் அழுத்தம் நீடித்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின்கூட இரத்தத்தில் உயரச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், இசிஜியும் எடுத்து, தேவையெனில் இரத்தத்தை மறுமுறையும் சோதிப்பார்கள்.